தரையில் நிற்பவரின் கல்வி: டென்மார்க்கில் விமான நிலையப் பணிப்பயிற்சியின் வரலாறு

விமானப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் விமானிகளின் வரலாறாகவும் விமானங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு விமானம் புறப்படுவதற்கு முன் அதைச் சுற்றி நின்று பெட்டிகளை ஏற்றுபவர், எரிபொருள் நிரப்புபவர், சக்கரத் தடுப்புக் கட்டைகளை நீக்குபவர், பயணிகளின் சீட்டைச் சரிபார்ப்பவர், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வழிகாட்டுபவர் ஆகியோர் தங்கள் தொழிலை எங்கே, யாரிடம், எவ்வாறு கற்றனர் என்ற கேள்வியை வரலாற்று நூல்கள் அரிதாகவே எழுப்புகின்றன. இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏறத்தாழ அறுபது லட்சம் மக்களைக் கொண்ட டென்மார்க் மிகவும் பொருத்தமான களம். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை ஆண்ட நாடு என்ற அளவில் தமிழகத்துக்கும், 1980களில் ஈழத்திலிருந்து தஞ்சம் கோரி வந்தவர்கள் இறங்கிய நாடு என்ற அளவில் புலம்பெயர்ந்த தமிழருக்கும் அது அறிமுகமானதே. ஆனால் விமான நிலையத்தின் கடைநிலைப் பணியையும் முறையாகக் கற்க வேண்டிய தொழிலாக நடத்திய நாடுகளுள் அதுவும் ஒன்று என்பது பரவலாக அறியப்படவில்லை.

இதன் வேர் விமானத்துக்கும் முற்பட்டது. 1889ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம், கைவினைஞரிடம் தொழில் கற்க வரும் இளைஞருக்கும் அவரை ஏற்கும் முதலாளிக்கும் இடையிலான உறவை அரசின் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. பட்டறையில் வேலை பழகிக்கொண்டே பள்ளியிலும் பாடம் கேட்பது, முடிவில் தேர்ச்சி பெற்றவர்கள் முன்னிலையில் ஒரு வேலையைச் செய்துகாட்டிச் சான்று பெறுவது என்ற வழக்கம் காலப்போக்கில் அந்நாட்டின் தொழிற்கல்வி முழுவதற்கும் அச்சாக அமைந்தது. டென்மார்க்கின் முதல் விமானத்தை உருவாக்கிய யாக்கோப் எல்லஹாமர் இம்மரபிலிருந்து வந்தவர். கடிகாரத் தொழில் பழகிப் பின்னர் மின்கருவி இயக்கவியலுக்கு மாறியவர். 1906 செப்டம்பர் 12ஆம் நாள் லிண்ட்ஹோம் என்னும் சிறு தீவில், நடுக்கம்பம் ஒன்றில் கயிற்றால் பிணைக்கப்பட்டு வட்டப் பாதையில் ஓடிய அவருடைய விமானம், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் 42 மீட்டர் தொலைவு சென்றது. கயிற்றில் கட்டப்பட்டிருந்ததால் அதைத் கட்டற்ற பறத்தலாகக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், அந்நாட்டு வானியக்கம் கைத்தொழிலாளியின் பட்டறையில் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

1910 ஜூலை 17ஆம் நாள் ராபர்ட் ஸ்வென்ட்சன், கோபன்ஹேகனை அடுத்த அமாகர் தீவின் குளோவர்மார்க்கன் திடலிலிருந்து எழுந்து, ஓரசுண்ட் நீரிணையைக் கடந்து சுவீடனின் மால்மோ நகரை அடைந்தார். முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918 அக்டோபர் 29ஆம் நாள் டேனிய விமானப் போக்குவரத்து நிறுவனம் தொடங்கப்பட்டது. 1920 ஆகஸ்டு 7ஆம் நாள் மிதவை பொருத்திய நீர்விமானம் ஒன்றைக் கொண்டு அது தன் முதல் சேவையை ஜெர்மனியை நோக்கி நடத்தியது. இடையில், 1919ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் விமானிக்கும் வழிகணிப்பாளருக்கும் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தகுதிகளைத் தனி இணைப்பில் வகுத்திருந்தது. வழிகணிப்பாளர் என்பவர் விமானம் எங்கே இருக்கிறது, எத்திசையில் செல்ல வேண்டும் என்பதைப் பறக்கும்போதே கணக்கிட்டுச் சொல்பவர். வானில் இருப்பவருக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற கொள்கை இவ்வாறு தொடக்கத்திலேயே நிலைபெற்றது. தரையில் இருப்பவரின் தகுதியைப் பற்றி அவ்விணைப்பு எதுவும் பேசவில்லை.

1925 ஏப்ரல் 20ஆம் நாள் அமாகர் தீவில் காஸ்ட்ரூப் விமான நிலையம் திறக்கப்பட்டது. படைத்துறைக்காக அமைந்து பின்னர் பொதுப் பயன்பாட்டுக்கு மாறிய திடல்கள் பலவற்றைப் போலன்றி, குடிமக்கள் போக்குவரத்துக்கென்றே அமைக்கப்பட்ட உலகின் முதல் விமான நிலையங்களுள் அது ஒன்று. அன்றைய ஓடுபாதை ஒரு புல்வெளி. அப்புல்லைக் கட்டையாக வைத்திருக்க ஆடுகள் மேய்க்கப்பட்டன. பயணிகளுக்கு மரத்தாலான ஒரு நிலையக் கட்டடம் இருந்தது. இத்தகைய இடத்தில் தரைப்பணி என்பது கூட நின்று பார்த்துப் பழகும் வேலையாகவே இருந்தது. விமானங்கள் சிறியனவாகவும் வருகைகள் குறைவாகவும் இருந்தவரை அதுவே போதுமானதாகவும் இருந்தது. வில்ஹெல்ம் லவுரிட்சன் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த புதிய நிலையக் கட்டடம் 1939இல் திறக்கப்பட்டதும், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் 1941இல் முதல் கான்கிரீட் ஓடுபாதை அமைந்ததும் அந்தச் சிறிய உலகின் முடிவைக் குறித்தன.

இரண்டாம் உலகப்போர் முடியுமுன்பே வருங்கால வான்போக்குவரத்தின் விதிகள் எழுதப்பட்டுவிட்டன. 1944 நவம்பரில் சிகாகோவில் கூடி டிசம்பர் 7ஆம் நாள் பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து ஒப்பந்தத்தை உருவாக்கிய மாநாட்டில், நாடு ஆக்கிரமிக்கப்பட்டிருந்த நிலையில், வாஷிங்டனிலிருந்த டேனியத் தூதர் ஹென்ரிக் காவுஃப்மன் தம் தனிப்பட்ட தகுதியில் கலந்துகொண்டார். அவ்வொப்பந்தத்தின் வழி பிறந்த பன்னாட்டு அமைப்பு, 1948 ஏப்ரலில் பணியாளர் உரிமம் குறித்த தன் முதலாம் இணைப்பை ஏற்றது. அதற்கு ஓராண்டுக்குச் சற்று முன்னர் காஸ்ட்ரூப்பில் நிகழ்ந்த விபத்து, அவ்விணைப்பில் சொல்லப்பட்டது எது, விடுபட்டது எது என்பதை விளக்கப் போதுமானது.

1947 ஜனவரி 26ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஸ்டாக்ஹோம் செல்லும் வழியில் டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் டிசி-3 விமானம் ஒன்று காஸ்ட்ரூப்பில் தரித்தது. நிறுத்தப்பட்ட விமானத்தின் வால்பகுதியில், மூக்கை மேலும் கீழும் அசைக்க உதவும் உயர்த்தி என்னும் அசையும் பலகைகள் உண்டு. காற்று அவற்றை அடித்துச் சேதப்படுத்தாதிருக்க, நிற்கும் வேளையில் அவை அசையாதபடி காற்றுப்பூட்டு எனப்படும் தடுப்பு ஒன்றைச் செருகிவைப்பது வழக்கம். புறப்படுமுன் அதை ஒருவர் கழற்ற வேண்டும். விமானி அறையிலிருப்பவர் நெம்புகோலை முன்னும் பின்னும் அசைத்து, பலகைகள் தடையின்றி அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். அன்று பூட்டு கழற்றப்படவில்லை, சோதனையும் செய்யப்படவில்லை. விமானம் சில பத்து மீட்டர் உயரம் செங்குத்தாக ஏறி, வேகமிழந்து, மூக்குக் கீழாக விழுந்து எரிந்தது. அதிலிருந்த 22 பேரும் மாண்டனர். அமெரிக்கப் பாடகி கிரேஸ் மூரும் சுவீடன் இளவரசர் குஸ்தாஃப் அடால்ஃபும் அவர்களுள் இருந்தனர்; இளவரசரின், அப்போது ஒன்பது மாதம் நிரம்பாத மகனே இன்றைய சுவீடன் அரசர். விமானத்தைச் செலுத்திய கெரிட் கெய்செண்டோர்ஃபர் அக்காலத்தின் மிகத் தேர்ந்த விமானிகளுள் ஒருவர் என்பது இங்கே கருதத்தக்கது. ஒரு தனிமனிதரின் திறமை எத்துணை உயர்ந்ததாயினும், தரையில் செய்ய வேண்டிய ஒரு செயலும் அதைச் சரிபார்க்கும் இரண்டாவது செயலும் பழக்கமாக ஊறிப்போகாத இடத்தில் அத்திறமை பயன்படாது.

முதலாம் இணைப்பு விமானி, வழிகணிப்பாளர், விமானப் பொறியாளர், பழுதுபார்ப்பவர், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆகியோருக்கான உரிமங்களை வகைப்படுத்தியது. விமானத்தைச் சுற்றி வேலை செய்யும் எஞ்சிய பெரும்பான்மையினர், அதாவது சுமையேற்றுவோர், இழுவை வண்டி ஓட்டுவோர், பயணிகளைப் பதிவுசெய்வோர், அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். அவர்களுடைய தகுதியை உறுதிசெய்யும் பொறுப்பு அந்தந்த நாட்டின் தொழிற்கல்வி மரபிடமும் நிறுவனங்களின் நல்லெண்ணத்திடமும் விடப்பட்டது. டென்மார்க்கின் வரலாறு தனித்தன்மை பெறுவது இந்த இடைவெளியில்தான்.

1946 ஆகஸ்டு 1ஆம் நாள் டென்மார்க்கும் நார்வேயும் ஏழில் இரண்டு பங்கு வீதமும் சுவீடன் ஏழில் மூன்று பங்கும் ஏற்று ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் சிஸ்டம் என்னும் கூட்டு நிறுவனத்தை உருவாக்கின. எஸ்.ஏ.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் அந்நிறுவனம் பயிற்சியின் வழி தன் பெயரை முதலில் நிலைநாட்டியது வடதுருவப் பாதையில். 1954 நவம்பர் 15ஆம் நாள் கோபன்ஹேகனிலிருந்து கிரீன்லாந்தின் சோண்டர் ஸ்ட்ரோம்ஃபியோர்ட், கனடாவின் வினிபெக் வழியாக லாஸ் ஏஞ்சலஸுக்கு அதன் முதல் சேவை சென்றது. 1957 பிப்ரவரி 24ஆம் நாள் ஆங்கரேஜ் வழியாகத் தோக்கியோ சேவை தொடங்கியது. காந்தத் துருவத்துக்கு அருகில் திசைகாட்டி முள் நம்பத்தகாததாகிறது. புவியுருண்டையின் தீர்க்கக்கோடுகள் யாவும் ஒரு புள்ளியை நோக்கி நெருங்குவதால், வடக்கு என்ற திசையே நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. இதற்கு மாற்றாக, கிரீன்விச் கோட்டுக்கு இணையான கட்டங்களை வரைபடத்தின் மேல் இட்டு, அக்கட்டங்களைக் கொண்டே திசை கணிக்கும் முறையையும், சுழல்விசைத் திசைகாட்டியைக் கையாளும் முறையையும் வழிகணிப்பாளர்கள் கற்றனர். புதிய பாதைக்குப் புதிய விமானம் மட்டும் போதாது, புதிய பாடத்திட்டமும் வேண்டும் என்பதை எஸ்.ஏ.எஸ். அன்றே ஏற்றிருந்தது.

அதே நிறுவனம் பயிற்சியை ஏற்றுமதியும் செய்தது. 1959இல் தாய்லாந்தின் உள்நாட்டு விமான நிறுவனத்துடன் எஸ்.ஏ.எஸ். செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தாய் ஏர்வேஸ் இன்டர்நேஷனல் உருவாயிற்று. 30 விழுக்காடு மூலதனத்தோடு இயக்கம், மேலாண்மை, விற்பனை ஆகியவற்றில் அறிவையும் பயிற்சியையும் அளித்து, நிறுவனத்தைத் தாய்லாந்தினரே நடத்தும் நிலைக்குக் கொண்டுவருவது அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. 1977இல் எஞ்சிய பங்குகளைத் தாய்லாந்து அரசு வாங்கிக்கொண்டபோது அந்நோக்கம் நிறைவேறியது. ஏறத்தாழ இதே காலத்தில் இந்தியா வேறொரு வழியில் சென்றது: 1948இல் அலகாபாத்தில் குடிசார் விமானப் போக்குவரத்துப் பயிற்சி மையத்தை அரசே நிறுவி, கட்டுப்பாட்டாளர்களையும் தொலைத்தொடர்புப் பணியாளர்களையும் ஒரே இடத்தில் பயிற்றுவித்தது. ஒன்று நிறுவனத்தின் கையில் வளர்ந்த பயிற்சி, மற்றது அரசின் கையில் வளர்ந்த பயிற்சி. இரண்டிலும் சுமை தூக்குபவர் அப்போது இடம்பெறவில்லை.

அவருக்கான கதவு டென்மார்க்கில் விமானத்துறைக்கு வெளியே திறந்தது. 1960இல் நிறைவேறிய சட்டம் ஒன்று, பழகுநர் முறையில் தொழில் கற்காத தொழிலாளருக்குக் குறுகியகாலப் பயிற்சி அளிக்கும் ஏற்பாட்டை நாடெங்கும் கொண்டுவந்தது. பின்னர் தொழிற்சந்தைப் பயிற்சி என்ற பெயரில் விரிந்த இந்த ஏற்பாட்டின் பாடங்களைத் தொழிற்சங்கங்களும் முதலாளிகளின் அமைப்புகளும் சேர்ந்தமர்ந்து வகுத்தன. இக்கூட்டுமுறை 1899ஆம் ஆண்டின் செப்டம்பர் உடன்பாட்டிலிருந்து வந்த வழக்கம். பல மாதம் நீண்ட கதவடைப்புக்குப் பின் இருதரப்பும் ஒருவரையொருவர் அங்கீகரித்த அவ்வுடன்பாடே டேனியத் தொழிலுறவின் அடித்தளம். காலப்போக்கில் விமான நிலையச் சுமையேற்றமும், விமானம் நிற்கும் தளத்தில் வண்டி ஓட்டுவதும், பாதுகாப்புப் பரிசோதனையும் இத்தகைய பாடங்களின் பட்டியலில் சேர்ந்தன. விமான நிலையப் பணிக்கென்றே தொழிற்கல்விப் பாடநெறி ஒன்றும் உருவானது. சட்டம் நிறைவேறிய அதே 1960இல், மே மாதம் காஸ்ட்ரூப்பில் புதிய முனையம் திறக்கப்பட்டது. தாரை விமானங்களான கேரவெல்லும் டிசி-8உம் எஸ்.ஏ.எஸ். சேவைக்கு வந்ததும் இக்காலத்திலேயே. தாரை எஞ்சினின் முன்புறம் ஆளை உள்ளிழுக்கும், பின்புறம் வண்டியையே தள்ளிவிடும். அதைச் சுற்றி எங்கே நிற்கலாம், எப்போது நெருங்கலாம் என்பதைப் பார்த்துப் பழகிக்கொள்ளுமாறு விட்டுவிட இயலாது.

இவ்வளவும் கைத்திறன் பற்றிய பயிற்சி. 1981இல் எஸ்.ஏ.எஸ். தலைமையை ஏற்ற சுவீடியர் யான் கார்ல்சன் முற்றிலும் வேறான ஒன்றைப் பயிற்சியின் பொருளாக்கினார். பல ஆண்டுகள் இலாபம் ஈட்டிய நிறுவனம் அப்போது நட்டத்தில் இருந்தது. செலவைக் குறைப்பதற்கு மாறாக 147 திட்டங்களில் 4.5 கோடி டாலர் முதலிட அவர் முடிவுசெய்தார். அவற்றுள் ஒன்று 12,000க்கும் மேற்பட்ட பணியாளர்களுக்கான சேவைப் பயிற்சி. அவருடைய கணக்கு எளிமையானது: ஆண்டுக்கு ஒரு கோடிப் பயணிகள், ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஐந்து பணியாளர்களைச் சராசரியாகப் பதினைந்து நொடி சந்திக்கின்றனர்; ஆகவே நிறுவனம் என்பது விமானங்களின் தொகுதியன்று, ஆண்டுக்கு ஐந்து கோடி முறை நிகழும் இச்சந்திப்புகளின் தொகுதி. இவற்றை அவர் உண்மைத் தருணங்கள் என்று அழைத்தார். அப்பதினைந்து நொடியில் மேலதிகாரியிடம் கேட்டுவரப் பணியாளருக்கு நேரமில்லை. எனவே முடிவெடுக்கும் உரிமையும், முடிவெடுக்கத் தேவையான அறிவும் முன்வரிசையில் நிற்பவரிடமே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இப்பயிற்சியை நடத்திய நிறுவனம் டேனியருடையது. 1975இல் கிளாவுஸ் மோலர் தொடங்கிய டைம் மேனேஜர் இன்டர்நேஷனல், பயணச்சீட்டு எழுதுவோரையும் பதிவு மேசையில் அமர்வோரையும் சுமையேற்றுவோரையும் பெருங்கூடங்களில் ஒன்றாக அமர்த்தி, இரண்டு நாள் வகுப்புகளை நடத்தியது. காஸ்ட்ரூப்பில் இதன் விளைவு கண்ணால் காணக்கூடியதாக இருந்தது. ஸ்காண்டிநேவியாவின் பல ஊர்களிலிருந்து வந்து அங்கே விமானம் மாறும் பயணிகள், விமானங்களை நிறுத்துவது பணியாளருக்கு எங்கே வசதியோ அதற்கேற்ப, ஒரு கூடத்திலிருந்து மற்றொன்றுக்கு அரை மைல் வரை நடக்க வேண்டியிருந்தது. பயணியை நடக்கவிடுவதற்கு மாறாக விமானத்தையே இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்துவது என்ற புதிய ஒழுங்கு, இழுவை வண்டி ஓட்டுபவரின் வேலையைக் கூட்டியது. அதே வேளையில் அவ்வேலைக்கு முன்பு இல்லாத ஒரு பொருளையும் தந்தது. 1983ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பல்லாயிரம் பணியாளருக்காகத் தொடங்கிய, மக்களுக்கே முதலிடம் என்ற பயிற்சித் திட்டத்தை வடிவமைத்ததும் இதே டேனிய நிறுவனம்தான்.

இப்பயிற்சிகளைச் சிலர் புன்னகை கற்பிக்கும் வகுப்புகள் என்று குறைத்து மதிப்பிட்டனர். அம்மதிப்பீடு முழுவதும் தவறானது அன்று: இரண்டு நாளில் ஒருவர் ஒரு தொழிலைக் கற்றுவிட முடியாது; மனநிலையை மட்டும் மாற்றி மேலதிகாரிகளின் பழக்கத்தை மாற்றாத இடங்களில் ஊக்கம் விரைவில் வற்றிவிடும். ஆயினும், விமான நிலையத்தின் மிகக் கீழ்ப்படியில் இருப்பவரும் பயிற்சிக்குரியவர், முடிவெடுக்கத் தகுதியுடையவர் என்று ஒரு பெருநிறுவனம் பொருட்செலவோடு அறிவித்தது உலக விமானத்துறையில் புதிது. ஏற்கெனவே தொழில் கற்ற, சங்கமாகத் திரண்ட பணியாளர்களிடம் அது சொல்லப்பட்டதால்தான் ஸ்காண்டிநேவியாவில் அது பலித்தது. அவ்வடித்தளம் இல்லாமல் வகுப்பை மட்டும் வாங்கிய நிறுவனங்கள் அதே பயனை எதிர்பார்த்திருக்கக் கூடாது.

இரண்டு மாற்றங்கள் இதன் பின் வந்தன. காஸ்ட்ரூப்பை நடத்திய அரசு அமைப்பு 1990இல் நிறுவனமாக மாற்றப்பட்டு, 1994இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. மெக்சிகோ, சீனா, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் விமான நிலையங்களில் பங்கு வாங்கி, விமான நிலையம் நடத்தும் அறிவையே அது ஒரு விற்பனைப் பொருளாக்கியது. மற்றொன்று, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பாதுகாப்புப் பரிசோதகரின் பயிற்சி ஐரோப்பியச் சட்டத்தின் பொருளாயிற்று. 2014ஆம் ஆண்டின் 139ஆம் எண் ஐரோப்பிய ஒழுங்குமுறை, விமானங்கள் இயங்கும் பரப்பில் வேலை செய்யும் பணியாளருக்கும் பயிற்சித் திட்டமும் தகுதிச் சோதனையும் இருக்க வேண்டும் என்று விமான நிலையங்களைக் கட்டாயப்படுத்தியது. 1948இல் விடுபட்ட இடம் ஒரு பகுதியேனும் நிரம்ப அறுபத்தாறு ஆண்டுகள் ஆயின.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பயிற்சி தனிநாட்டின் எல்லையைக் கடந்தது. 2006இல் சுவீடன், டென்மார்க், நார்வே ஆகியவற்றின் வான்வழிச் சேவை அமைப்புகள் சேர்ந்து மால்மோ விமான நிலையத்தில் என்ட்ரி பாயிண்ட் நார்த் என்ற பொதுப் பயிற்சிக்கழகத்தைத் தொடங்கின. ஸ்வென்ட்சன் 1910இல் கடந்த அதே நீரிணையைக் கடந்து டேனிய மாணவர்கள் அங்கே சென்று பயில்கின்றனர். கோட்பாடு, பாவனைக் கூடம், பின்னர் பணியிடத்தில் மூத்தவரின் மேற்பார்வையில் நேரடி வேலை என இப்பயிற்சி சில ஆண்டுகள் நீள்கிறது. ஒரு கட்டுப்பாட்டாளரின் உரிமம் குறிப்பிட்ட வான்பரப்புக்கு மட்டுமே செல்லும் என்பதால், வேறிடத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்து மறுநாளே அமர்த்திவிட முடியாது. கோவிட் தொற்றின்போது இது உணரப்பட்டது. 2019இல் மூன்று கோடிக்கு மேல் இருந்த கோபன்ஹேகன் பயணிகளின் எண்ணிக்கை 2020இல் ஏறத்தாழ 75 லட்சமாகச் சரிய, டேனிய வான்வழிச் சேவை நிறுவனமான நேவியேர் அனுபவமிக்க கட்டுப்பாட்டாளர்கள் விலகிச் செல்ல வழிசெய்தது. பயணிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பிவர, 2023இல் ஆட்பற்றாக்குறையால் விமானங்கள் தாமதமாயின. சேவைகளின் எண்ணிக்கையையும் குறைக்க நேர்ந்தது. பயிற்சிபெற்றவர்களை விடுவிக்கச் சில மாதங்கள் போதும். அவர்கள் இடத்தை நிரப்ப ஆண்டுகள் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அந்நாட்டு வரலாற்றில் இல்லை.

இந்த வரலாற்றின் அண்மைக் கட்டம் கிரீன்லாந்தில் நடந்துகொண்டிருக்கிறது. டேனிய முடியாட்சிக்கு உட்பட்டுத் தன்னாட்சி புரியும் அத்தீவில் ஊர்களை இணைக்கும் சாலைகள் இல்லை. போக்குவரத்து வானையும் கடலையுமே நம்பியிருக்கிறது. அங்குள்ள சிறு நிலையங்கள் பலவற்றில் முழுமையான கட்டுப்பாட்டுக்கு மாறாக வான்தகவல் சேவையே உள்ளது. அதாவது கோபுரத்தில் இருப்பவர் காற்று, ஓடுபாதையின் நிலை, பிற விமானங்கள் ஆகியவற்றைத் தெரிவிப்பார், முடிவை விமானியே எடுப்பார். பல்லாண்டுகளாக வெளிநாட்டுப் பயணிகள் 1941இல் அமெரிக்கப் படைத்தளமாகத் தொடங்கிய கான்கெர்லுசுவாக்கில், அதாவது பழைய சோண்டர் ஸ்ட்ரோம்ஃபியோர்ட்டில், இறங்கிச் சிறு விமானத்துக்கு மாறித் தலைநகர் நூக்கை அடைந்தனர். 2024 நவம்பர் 28ஆம் நாள் நூக்கில் 2,200 மீட்டர் நீள ஓடுபாதையுடன் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டு, கோபன்ஹேகனிலிருந்து பெரிய விமானங்கள் நேரே வரத் தொடங்கின. 2025 ஜூனில் அமெரிக்காவிலிருந்தும் நேரடிச் சேவை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில், பாதுகாப்புப் பரிசோதனைப் பணியாளர்களின் பயிற்சி விதிகள் கோரும் அளவில் இல்லை என்று டேனியப் போக்குவரத்து மேற்பார்வை அமைப்பு கண்டறிந்ததை அடுத்து, நூக்கில் பன்னாட்டுப் பயணிகளுக்கான பரிசோதனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஓடுபாதையும் முனையமும் விமானங்களும் ஆயத்தமாக இருந்தும், பயிற்சி நிறைவுறாத காரணத்தால் பன்னாட்டுச் சேவைகள் நின்றன.